நடுவில் பருத்த எழுத்துகள்

பல் டாக்டர் நான்கு நீளப் பலகைகளைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு மூச்சு வாங்கத் துப்பறியும் அலுவலகத்தின் மாடி ஏறி வந்தபோது, அங்கே உதவியாளராக இருந்த கண்டக்டர் அவரை அலமாரி விற்க வந்தவர் என்று நினைத்துவிட்டார். எங்களிடம் ஏற்கெனவே ஒன்று இருக்கிறது, அதன் கதவையே மூட முடியவில்லை என்று சொல்லித் திருப்பி அனுப்பப் பார்த்தார். டாக்டர் நாற்காலியில் விழுந்து, பலகைகளை மேஜைமேல் பரப்பி, தனக்கு மிரட்டல் கடிதம் வந்திருப்பதாகச் சொன்னார்.

கண்டக்டர் பலகைகளைத் தூக்கிப் பார்த்தார். "தபால்காரர் பாவம்" என்றார்.

அந்தத் துப்பறியும் அலுவலகம் ஒரு சலவைக்கடையின் மேல்மாடியில் இருந்தது. கீழே இஸ்திரி மும்முரமாக நடக்கும் நாட்களில் மேலே தரை வெதுவெதுப்பாக இருக்கும். அதை நடத்தியவரை எல்லோரும் இன்ஸ்பெக்டரம்மா என்று கூப்பிட்டார்கள். முப்பது வருஷம் இன்ஸ்பெக்டராக இருந்து ஓய்வு பெற்றவர் என்பது நிஜம். பள்ளிக்கூட இன்ஸ்பெக்டர் என்பதை யாரும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. பெரிய பெரிய மோசடிக்காரர்கள்கூட அவர் எதிரில் வந்து உட்கார்ந்ததும், ஏன் என்று தெரியாமலே சட்டைப் பித்தானைச் சரிசெய்துகொண்டு நகத்தை மறைப்பார்கள். உதவியாளர் கண்டக்டர் இருபத்திரண்டு வருஷம் பஸ்ஸில் டிக்கெட் கிழித்தவர். நெரிசலில் டிக்கெட் வாங்காதவன் எவன் என்று முதுகைப் பார்த்தே சொல்லிவிடுவார். அந்தக் கண்ணுக்காகத்தான் இன்ஸ்பெக்டரம்மா அவரைச் சேர்த்துக்கொண்டார். கூடவே வாயும் வந்துவிட்டது.

டாக்டர் கதையை ஆதியிலிருந்து சொன்னார். எட்டு மாசத்துக்கு முன் அவருடைய ஒரே மகள் போன் செய்து தான் உண்டாகியிருப்பதாகச் சொல்லியிருக்கிறாள். பிறக்கப்போகும் குழந்தைக்குத் தன் கையாலேயே ஒரு தொட்டில் செய்து கொடுப்பதென்று அன்றே முடிவு கட்டினார் டாக்டர். உளி பிடித்துப் பழக்கமில்லை. ஆகவே தொட்டில் செய்வதற்கு முன்னால், தொட்டில் செய்யும் மெஷினைச் செய்துகொள்ளலாம் என்று கிளம்பினார். சிஎன்சி ரூட்டர் என்று அதற்குப் பெயர். மரத்தைப் படுக்க வைத்துவிட்டால், கம்ப்யூட்டர் சொல்கிறபடி ஒரு கூர்முனை சுழன்றுகொண்டே போய்ப் பூவோ பொம்மையோ செதுக்கிவிடும். அந்த முனை இடமும் வலமும் வழுக்கிப் போக ஒரு பாதை வேண்டும். அதைத்தான் லீனியர் ரெயில் என்கிறார்கள்.

எந்த ரெயில் வாங்குவது என்ற இடத்தில் டாக்டர் மாட்டிக்கொண்டார். இரண்டு முனையில் மட்டும் பிடித்து நிற்கும் உருண்டைக் கம்பி ஒன்று. அதே கம்பிக்கு அடியில் நீளத்துக்கும் முட்டுக் கொடுத்தது ஒன்று. சதுர ரெயில் ஒன்று. மூன்றையும் பற்றிப் படித்தார், குறிப்பெடுத்தார், இரண்டு நோட்டுகள் நிரம்பின. ஞாயிற்றுக்கிழமைதோறும் மகளின் மாமனார் வீட்டுக்குப் போய், சம்பந்தியோடு அதைப் பற்றியே மணிக்கணக்கில் விவாதித்தார். அங்கே மகளின் வயிறு வளர்ந்தது, இங்கே நோட்டு வளர்ந்தது. ஒரு திருகாணிகூட வாங்கவில்லை.

மகளுக்கு ஆறாம் மாசம் நடக்கும்போது முதல் பலகை வந்தது. கிளினிக் கதவில் சாய்த்து வைத்திருந்தது. மெஷினில் செதுக்கிய எழுத்து, ஒரே வரி: உருண்டைக் கம்பி வாங்காதீர்கள். வருத்தப்படுவீர்கள். இரண்டு வாரம் கழித்து அடுத்தது: முட்டுக் கொடுத்த கம்பியும் வேண்டாம். மூன்றாவது பலகையைப் படித்த பதற்றத்தில் டாக்டர் ஒரு நோயாளிக்கு மறுபக்கக் கன்னத்தில் மரத்துப்போகும் ஊசி போட்டுவிட்டார். அதில் இருந்தது: சதுர ரெயில் வாங்குங்கள். குழந்தை காத்திருக்காது.

பயந்துபோய் அன்று சாயங்காலமே சதுர ரெயில் ஒரு ஜோடிக்கு ஆர்டர் போட்டார். ஒன்பது நாளைக்கு முன், ஒரு ஞாயிற்றுக்கிழமை, பார்சல் வீட்டு வாசலில் வந்து இறங்கியது. உள்ளே விருந்தாளிகள் இருந்ததால் உடனே போய் எடுக்கவில்லை. ஒரு மணி நேரம் கழித்துப் போய்ப் பார்த்தால், அட்டைப்பெட்டி மட்டும் பத்திரமாக மடித்து வைக்கப்பட்டிருந்தது, ரெயிலைக் காணோம். நேற்று நான்காவது பலகை வந்தது: நல்ல தேர்வு. இன்னொரு ஜோடி வாங்கிக்கொள்ளுங்கள்.

போலீசுக்குப் போகவில்லையா என்று இன்ஸ்பெக்டரம்மா கேட்டார். போனாராம். காணாமல் போன பொருள் என்ன என்று காவலர் கேட்க, டாக்டர் மூன்று வகை ரெயிலையும் விளக்க, முக்கால் மணி நேரத்துக்குப் பிறகு காவலர் வாயைத் திறந்து தன் கடைவாய்ப் பல்லைக் காட்டியிருக்கிறார். அதைப் பார்த்து மருந்து எழுதிக் கொடுத்துவிட்டு வந்துவிட்டார்.

இன்ஸ்பெக்டரம்மா முதல் பலகையைக் கையில் எடுத்து, பிள்ளைகளின் காப்பி நோட்டைப் பார்ப்பதுபோல எட்டப் பிடித்துப் பார்த்தார்.

"டாக்டர், மிரட்டறவன் எப்படி எழுதுவான்? வாங்காதேன்னு எழுதுவான். இவர் வாங்காதீர்கள்னு எழுதியிருக்கார். மூணு எழுத்து கூடுதல். மரத்துல மூணு எழுத்துன்னா சும்மா இல்ல. உங்களை நீன்னு சொல்ல இவருக்குக் கை வரல."

"வாய்ல கை விடற டாக்டரை யாரும் நீன்னு கூப்பிட மாட்டாங்கம்மா" என்றார் கண்டக்டர். "கடிச்சு வெச்சாக்கூட மரியாதையாத்தான் கடிப்பாங்க."

இன்ஸ்பெக்டரம்மா அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. மூன்று பலகைகளை ஒன்றன்கீழ் ஒன்றாக வைத்தார். முப்பது வருஷம் கையெழுத்துப் பார்த்த கண் அது. இரண்டு ஓரத்திலும் எழுத்து ஒல்லியாக இருக்கிறது, நடுவுக்கு வரவரப் பருத்துப்போகிறது, மூன்றிலும் அப்படித்தான் என்றார். நான்காவது பலகையில் மட்டும் முதல் எழுத்திலிருந்து கடைசி எழுத்துவரை ஒரே பருமன்.

டாக்டர் ஆர்வமாகிவிட்டார். சட்டைப் பையிலிருந்து மெல்லிய கம்பி ஒன்றை எடுத்தார். ஈறு எவ்வளவு இறங்கியிருக்கிறது என்று அளக்க வைத்திருக்கும் கம்பி, நுனியில் மில்லிமீட்டர் கோடுகள் இருந்தன. பலகைமேல் குனிந்து எழுத்துக்குள் ஒவ்வொரு இடமாக அதை விட்டு, கிளினிக்கில் நர்ஸுக்குச் சொல்வதுபோலச் சொல்லிக்கொண்டே போனார். இரண்டு, இரண்டு, இரண்டரை, மூன்று, மூன்று, இரண்டரை, இரண்டு. கண்டக்டர் தாளில் குறித்துக்கொண்டார். முடித்ததும் டாக்டர் நிமிர்ந்து, பழக்க தோஷத்தில் கவலையோடு தலையை ஆட்டினார்.

"நடுவுல நல்லா இறங்கியிருக்கு. ஆறு மாசம் முன்னாடியே காட்டியிருக்கணும்."

நான்காவது பலகை முழுக்க இரண்டு, இரண்டு, இரண்டு என்றே வந்தது. ஆரோக்கியமான பலகை.

கண்டக்டர் பலகையின் ஓரத்தை விரலால் தடவிப் பார்த்தபோது ஓரிடத்தில் நகம் மாட்டியது. நட்ட நடுவில், மேல் ஓரத்திலும் கீழ் ஓரத்திலும், எறும்பு கடித்ததுபோல ஒரு சின்ன வெட்டு. நான்கு பலகையிலும் இருந்தது. தூக்கி வரும்போது இடித்திருக்கும் என்றார் டாக்டர். நாலையும் ஒரே இடத்தில் இடிப்பதற்கு நீங்கள் கணக்கு வாத்தியாராக இருக்க வேண்டும் என்றார் கண்டக்டர். இன்ஸ்பெக்டரம்மா அந்த வெட்டில் சுண்டுவிரல் நகத்தை வைத்துப் பார்த்துவிட்டுக் குடையை எடுத்துக்கொண்டார்.

*

இரும்புச் சாமான் தெருவின் கோடியில் இருந்த பேரிங் கடைக்காரர், உடம்பெல்லாம் கிரீஸோடு பிறந்தவர்போல இருந்தார். பலகைகளைப் பார்த்ததும் சிரித்தார். அவருக்கு ஒரு நிமிஷம்கூடத் தேவைப்படவில்லை.

உருண்டைக் கம்பி போட்ட மெஷினில் வெட்டியது இது என்றார். கம்பியை இரண்டு முனையிலும் மட்டும்தான் பிடித்திருக்கும். அதன்மேல் கனமான மோட்டார் உட்கார்ந்து போகும்போது, ஓரத்தில் சரியாக இருக்கும், நடுவுக்கு வந்தால் கம்பி தொய்யும். மோட்டாரும் இறங்கும், முனையும் இறங்கும். முனை பென்சில் சீவினமாதிரி கூம்பாக இருப்பதால், ஆழம் போகப் போக எழுத்து அகலமாகும்.

கண்டக்டருக்கு அது உடனே பிடிபட்டது. பஸ்ஸில் நின்றுகொண்டு போகிறவர்கள் பிடித்துத் தொங்கும் மேல்கம்பி நடுவில்தான் வளையும். இருபத்திரண்டு வருஷமாக அவர் தலையை இடித்துக்கொண்ட கம்பி.

"அப்போ நாலாவது பலகை?" என்று இன்ஸ்பெக்டரம்மா கேட்டார்.

"ஆள் ரெயிலை மாத்திட்டாரு. சதுர ரெயிலை நீளத்துக்கும் போல்ட் போட்டு இறுக்கிடுவாங்க, தொய்யவே தொய்யாது. மூணாவது பலகைக்கு அப்புறம், நாலாவதுக்கு முன்னாடி மாத்தியிருக்காரு."

டாக்டர் கடையின் படியில் உட்கார்ந்துவிட்டார். மூன்றாவதுக்குப் பிறகு, நான்காவதுக்கு முன்னால். அவருடைய ரெயில் திருட்டுப்போனது அந்த இடைவெளியில்தான். திருடியதும் இல்லாமல், திருடிய ரெயிலை மாட்டி, அதில் ஓட்டி, அதில் எழுதியே நன்றிக் கடிதம் அனுப்பியிருக்கிறான். இப்படி ஒரு நெஞ்சழுத்தக்காரனைத் தான் பார்த்ததில்லை என்றார் கண்டக்டர். டிக்கெட் வாங்காமல் ஏறிவிட்டு, இறங்கும்போது வண்டி நன்றாக ஓடியது என்று சொல்லிவிட்டுப் போகிறமாதிரி இருக்கிறது.

உருண்டைக் கம்பி வாங்கியவர்கள் யாரையாவது ஞாபகம் இருக்கிறதா என்று இன்ஸ்பெக்டரம்மா கேட்டார். கடைக்காரர் ஒருவரை மறக்கவே முடியாது என்றார். ஏழு மாசம் இருக்கும், போனில் ஆர்டர் கொடுத்தவர். கிணற்றுக்குள்ளிருந்து வருகிறமாதிரி கம்பீரமான குரல். ஒவ்வொரு சொல்லாக நிறுத்தி, உருண்டைக் கம்பி, விட்டம் பதினாறு மில்லிமீட்டர், நீளம் ஒரு மீட்டர், எண்ணிக்கை நான்கு என்று வாசித்துவிட்டு, இத்துடன் பட்டியல் நிறைவடைகிறது, வணக்கம் என்று போனை வைத்துவிட்டாராம். கடையில் இருந்தவர்கள் எல்லோரும் எழுந்து நின்றுவிட்டார்களாம். அப்புறம் ஆட்டோ வந்து எடுத்துப்போயிருக்கிறது.

டாக்டர் படியிலிருந்து எழுந்து நின்றார். மெதுவாகச் சொன்னார்.

"அது என் சம்பந்தி. ரேடியோல நியூஸ் வாசிச்சு ரிட்டயர் ஆனவர். பார்சல் வந்த ஞாயித்துக்கிழமை எங்க வீட்டுக்கு வந்திருந்ததும் அவங்கதான்."

கண்டக்டருக்குக் கேஸ் முடிந்துவிட்டதுபோலத் தோன்றியது. மரியாதையாக எழுதியது, குழந்தையைப் பற்றித் தெரிந்தது, ஞாயிற்றுக்கிழமை விருந்தாளியாக வீட்டுக்குள் இருந்தது எல்லாம் அவர் ஒருவருக்குத்தான் பொருந்தியது. ஆனால் டாக்டர் யாரும் எதிர்பாராத ஒரு வேண்டுகோள் வைத்தார். வேறு யாராவது திருடனாக இருக்க முடியாதா என்று கேட்டார். மகள் பிரசவத்துக்குத் தாய்வீட்டுக்கு வந்திருக்கிறாள், இன்னும் மூன்று வாரம்தான். இந்த நேரத்தில் மாமனாரைத் திருடன் என்று சொன்னால் மகள் என்ன ஆவாள், அந்த வீட்டில் அவள் முகத்தை எங்கே வைத்துக்கொள்வாள். நல்ல திருடனாக ஒருவனைக் கண்டுபிடித்துக் கொடுத்தால், தான் அவனை மன்னித்தும் விடுவதாகச் சொன்னார்.

இன்ஸ்பெக்டரம்மா ஒரு பலகையை எடுத்து அதன் ஓரத்தை மறுபடி தடவிப் பார்த்தார். எல்லாம் பொருந்துகிறது, அந்த நடு வெட்டு மட்டும் பொருந்தவில்லை என்றார். ஆட்டோவைக் கூப்பிடச் சொன்னார்.

*

சம்பந்தி வீட்டின் முன்பாகம் முழுக்கத் தையல் கடை. சம்பந்தியம்மா நடத்துவது. நான்கு பெண்கள் வரிசையாக உட்கார்ந்து பள்ளிக்கூடச் சீருடை தைத்துக்கொண்டிருந்தார்கள். நான்கு மெஷினும் ஒன்றாக ஓடும்போது பேசுவதே கேட்காது. அதைத் தாண்டித்தான் வீட்டுக்கூடம். அங்கே சாய்வு நாற்காலியில் சம்பந்தி செய்தித்தாளோடு இருந்தார். மூவரையும் பார்த்ததும் வரவேற்றார். அவர் உட்காருங்கள் என்று சொன்னதே தலைப்புச் செய்திபோல இருந்தது.

டாக்டர் தரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தார். இன்ஸ்பெக்டரம்மா தன்னை டாக்டருக்குத் தெரிந்தவர் என்று மட்டும் சொல்லிக்கொண்டு, தனக்கும் ரெயில் வாங்கவேண்டும், எதை வாங்கலாம் என்று யோசனை கேட்டார்.

சம்பந்தி தாளை மடித்து வைத்தார். உருண்டைக் கம்பியே சிறந்தது என்றார். காரணம் கேட்டதற்கு, உருண்டையாக இருப்பதுதான் உருளும், சதுரமாக இருப்பது எப்படி உருளும் என்றார். அந்தக் குரலில் கேட்டபோது கண்டக்டருக்கே ஒரு கணம் அது சரிதான் என்று பட்டது. பிறகுதான் ரெயில் உருளாது, அதன்மேல் போவதுதான் ஓடும் என்பது நினைவுக்கு வந்தது. எட்டு மாசமாக டாக்டர் இவரோடு விவாதித்து ஒரு முடிவுக்கும் வராததில் அதிசயம் ஒன்றுமில்லை.

உருண்டைக் கம்பி வேண்டாம், சதுர ரெயில் வாங்குங்கள் என்று செதுக்கியவர் இவராக இருக்க முடியாது. டாக்டரின் தலை லேசாக நிமிர்ந்தது.

அப்படியானால் பேரிங் கடையில் நான்கு கம்பி வாங்கியது எதற்கு என்று இன்ஸ்பெக்டரம்மா கேட்டார்.

"அதுவா? ஜன்னல் திரை மாட்டறதுக்கு. வீட்ல எழுதிக் கொடுத்தா, போன்ல வாசிச்சேன். வாசிக்கிறதுதானே என் தொழில். என்னத்தை வாசிக்கிறோம்னு பார்க்கறது இல்ல."

மூன்று பேரும் ஒரே நேரத்தில் ஜன்னலைப் பார்த்தார்கள். கூடத்தில் இரண்டு ஜன்னல், பக்கத்து அறையில் ஒன்று. மூன்றிலும் திரை பிளாஸ்டிக் கயிற்றில் தொங்கியது.

திரை என்றதும் சம்பந்திக்குத் தன் குறை ஞாபகம் வந்துவிட்டது. தோள்பட்டையைத் தடவிக்கொண்டார். போன ஞாயிற்றுக்கு முந்தின ஞாயிறு டாக்டர் வீட்டுக்குத் திரைத்துணி ஒரு முழுச் சுருளாகக் கொண்டுபோனார்களாம். டாக்டர் மனைவிக்கு நிறம் பிடித்திருந்தது. ஆனால் இவர் மனைவி திடீரென்று நிறம் பொருந்தாது என்று சொல்லிச் சுருளைத் திரும்ப எடுத்துவரச் சொல்லிவிட்டார். இவர்தான் தோளில் தூக்கி வந்தார்.

"போறப்ப லேசா இருந்துது. வர்றப்ப எப்படித்தான் கனமாச்சோ. ஒன்பது நாளா தோள் வலிக்குது. துணி ஈரத்தை இழுத்திருக்கும்னு அவ சொன்னா."

கண்டக்டர் மெல்ல எழுந்து தையல் கடைப் பக்கம் போனார். ஒரு பெண் சட்டைத் துணியை இரண்டாக மடித்தாள். மடிப்பின் ஓரத்தில் கத்தரி நுனியால் எறும்புக்கடி அளவுக்கு ஒரு வெட்டு வெட்டினாள். விரித்ததும் நட்ட நடுவில் அடையாளம் இருந்தது. பென்சில் எடுக்கவில்லை, அளவுகோல் எடுக்கவில்லை. எதற்கு இந்த வெட்டு என்று கண்டக்டர் கேட்டார். நடு தெரிய வேண்டாமா, எங்கள் அம்மா எதை எடுத்தாலும் முதலில் நடுவில் ஒரு வெட்டுப் போட்டுவிடுவார்கள் என்றாள் அவள்.

கண்டக்டர் திரும்பி வந்து இன்ஸ்பெக்டரம்மாவின் காதில் சொன்னார்.

"அம்மா, நாம தப்பான சம்பந்தியைப் பிடிச்சிருக்கோம்."

*

கடைக்குப் பின்னால் சரக்கு அறை இருந்தது. சம்பந்தி அந்த அறைக்குள் காலெடுத்து வைத்து இருபது வருஷம் ஆகிறதாம். ஒருமுறை தரையில் கிடந்த குண்டூசி காலில் ஏறிவிட்டது. அதோடு அந்தப் பக்கமே போவதில்லை என்றார். கதவருகில் போனபோதுதான் முன்கடை மெஷின்களின் சத்தத்துக்குள்ளே இன்னொரு சத்தமும் ஒளிந்திருப்பது கண்டக்டருக்குத் தெரிந்தது. தேனீ மாதிரி ஒரே சுருதியில் ஓடியது.

இன்ஸ்பெக்டரம்மா கதவைத் தள்ளினார்.

துணி வெட்டும் பெரிய மேஜையின்மேல் மெஷின் நின்றது. இரண்டு பக்கமும் தடித்த அலுமினியத் தூண், குறுக்கே ஓர் உத்தரம், அதன் முகத்தில் பளபளவென்று இரண்டு சதுர ரெயில். மோட்டார் அதில் வழுக்கிக்கொண்டு போக, அடியில் இருந்த பலகையில் மரத்தூள் பறந்தது. கழுத்தில் அளவு டேப்போடு, மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, சம்பந்தியம்மா குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார். வந்தவர்களைப் பார்த்தும் பதறவில்லை.

"ரெண்டு நிமிஷம் இருங்க. ஓடிக்கிட்டு இருக்கு, பாதியில நிறுத்தினா கோடு விழும்."

திருடு கொடுத்தவர், துப்பறிகிறவர், உதவியாளர் மூவரும் வரிசையாக நின்று காத்திருந்தார்கள். மோட்டார் நின்றதும் சம்பந்தியம்மா கையைத் துடைத்துக்கொண்டு, ரெயில் உங்களுடையதுதான் என்று டாக்டரிடம் சொன்னார்.

பிறகு எல்லாவற்றையும் சொன்னார். மருமகள் உண்டான செய்தி வந்த வாரமே அவரும் தொட்டில் செய்ய நினைத்திருக்கிறார். தையல் மெஷினைப் பிரித்துச் சேர்த்து முப்பது வருஷம் பழகிய கை, இது மட்டும் வராதா என்று தொடங்கினார். அவர் வாங்கியதும் உருண்டைக் கம்பிதான். முதலில் செதுக்கிய யானைக்கு வயிறு தரையைத் தொட்டது. மானும் கர்ப்பமாக வந்தது. நான்கு மாசம் அதோடு மல்லுக்கட்டித்தான் தப்பு கம்பியில் என்று தெரிந்துகொண்டார். அதே நேரத்தில் ஞாயிற்றுக்கிழமைதோறும் கூடத்தில் இரண்டு ஆண்கள் உட்கார்ந்து அதே தப்பை நோக்கிப் போய்க்கொண்டிருந்தார்கள்.

நேரில் சொல்லியிருக்கலாமே என்று டாக்டர் கேட்டார்.

"சொன்னேனே. ஒரு ஞாயித்துக்கிழமை உங்க ரெண்டு பேர் நடுவுல நின்னு, சதுர ரெயில்தான் சரின்னு சொன்னேன். இவர், எந்த ரயில், எத்தனை மணிக்குன்னு கேட்டார். நீங்க, எந்த ஊருக்குப் போறீங்கன்னு கேட்டீங்க."

டாக்டருக்கு ஞாபகம் வந்தது. அன்றைக்குப் பெட்டி கட்ட உதவி வேண்டுமா என்றுகூடக் கேட்டிருந்தார்.

"மரத்துல எழுதி அனுப்பினேன். உடனே கேட்டீங்க" என்றார் சம்பந்தியம்மா. குரலில் கோபம் இல்லை. தையலில் எந்த நூல் நிற்கும் என்று சொல்கிற மாதிரிதான் சொன்னார்.

வாசலில் பார்சலைப் பார்த்தபோது, சொன்ன பேச்சைக் கேட்டாரா என்று பார்க்கத்தான் பிரித்தாராம். எண்ணெய்த் தாளில் சுற்றி இரண்டு ரெயிலும் படுத்திருந்தன. மூன்று நாள் மாட்டிப் பார்த்துவிட்டுத் திருப்பி வைத்துவிடலாம் என்று சுருளுக்குள் செருகினார். மாட்டி ஓட்டிய பிறகு கழற்ற மனசு வரவில்லை. அது தப்பு, அதற்குச் சமாதானம் கிடையாது என்று சொல்லிவிட்டு, மேஜை இழுப்பறையிலிருந்து ஸ்பானரை எடுத்து டாக்டரிடம் நீட்டினார். எட்டு போல்ட், பத்து நிமிஷ வேலை என்றார்.

டாக்டர் ஸ்பானரை வாங்கிக்கொண்டு மெஷின் அருகில் போனார். எட்டு மாசம் படித்த பொருளை அவர் முதல்முறையாகத் தொடுகிறார் என்பது கண்டக்டருக்கு அப்போதுதான் உறைத்தது. மோட்டாரை ஒற்றை விரலால் தள்ளினார் டாக்டர். சத்தமே இல்லாமல் அந்தக் கோடிவரை போய் நின்றது. மறுபடி இந்தப் பக்கம் தள்ளினார். இப்படி நாலைந்து தடவை. பிறகு ஸ்பானரை மேஜைமேல் வைத்துவிட்டு வெளியே நடைக்கு வந்து சுவரில் சாய்ந்துகொண்டார்.

கண்டக்டர் பின்னாலேயே போனார். கிண்டலாக ஏதாவது சொல்லி அவரைத் தேற்றலாம் என்று நினைத்தார். டாக்டர் முந்திக்கொண்டார்.

"உங்க கிட்ட சொல்றேன், அம்மா கிட்ட சொல்லாதீங்க. ரெயில் காணாம போன அன்னிக்கு நான் நல்லா தூங்கினேன்."

கண்டக்டரும் பக்கத்தில் சுவரில் சாய்ந்துகொண்டார்.

"வாங்கிட்டா செய்யணும் இல்ல? நான் ஜென்மத்துல ஒரு முக்காலிகூடச் செஞ்சதில்ல. தேர்வு செஞ்சுக்கிட்டே இருக்கற வரைக்கும் யாரும் தொட்டில் எங்கேன்னு கேட்க மாட்டாங்க. குழந்தை பொறந்தப்புறம் என்ன சொல்றதுன்னு மூணு மாசமா யோசிச்சுக்கிட்டிருந்தேன். திருடு போச்சுன்னு ஆனதும், அப்பாடான்னு இருந்துது."

பஸ்ஸில் டிக்கெட் வாங்காமல் பிடிபட்டவர்களில் சிலருக்கு, பிடிபட்டதும் முகம் தெளிந்துவிடும். கண்டக்டர் அந்த முகத்தைப் பலமுறை பார்த்திருக்கிறார். அவர் டாக்டரின் முழங்கையைப் பிடித்து மறுபடி உள்ளே கூட்டிப்போனார்.

உள்ளே இன்ஸ்பெக்டரம்மா கண்ணாடியை மாட்டிக்கொண்டு, செதுக்கிய பலகைகளைப் பரிசோதித்துக்கொண்டிருந்தார். தொட்டிலின் தலைப்பக்கம், கால்பக்கம், இரண்டு பக்கவாட்டுப் பலகைகள். யானை, மான், ஆமை, கடைசியாக அன்றைக்கு வெட்டிய முதலை. புது ரெயிலில் வெட்டியவற்றுக்கு வயிறு சரியாக இருந்தது. ஆனால் முதலையைப் பார்த்துச் சம்பந்தியம்மா முகம் சுளித்தார். முனை உருண்டையாகச் சுழல்வதால் குறுகிய மூலைக்குள் அது போகாது. பல்லுக்கும் பல்லுக்கும் நடுவில் மரம் அப்படியே நின்றுவிட்டது. முதலைக்குப் பல் எல்லாம் ஒட்டிக்கொண்டு, கொழுக்கட்டையை வாயில் அடக்கினமாதிரி இருக்கிறது, உளியால் எடுத்தால் பல் உடைகிறது, ஏற்கெனவே இரண்டு முதலை வீணாகிவிட்டது என்றார்.

டாக்டர் குனிந்தார். முதலையின் மேல்தாடையை விரலால் தடவினார். கீழ்த்தாடையைத் தடவினார். வெளிச்சத்துக்குத் திருப்பிப் பார்த்தார். எட்டு மாசத்தில் முதல்முறையாக அவர் முகத்தில் சந்தேகம் என்பதே இல்லை.

"கண்டக்டர், நம்ம கிளினிக்குக்கு ஒரு நடை போய்ட்டு வர முடியுமா? நர்ஸ் கிட்ட சின்ன டிரில்லும் ஊசி முனை டப்பாவும் கேளுங்க. ஊசி முனையில ரொம்பச் சன்னமானது."

கண்டக்டர் ஆட்டோ பிடித்துப் போய் அரை மணியில் திரும்பி வந்தபோது மேஜையைச் சுத்தம் செய்து வைத்திருந்தார்கள். இன்ஸ்பெக்டரம்மா ஓரமாக ஒரு ஸ்டூலில் உட்கார்ந்து கேஸ் நோட்டில் எழுதிக்கொண்டிருந்தார். கண்டக்டர் எட்டிப் பார்த்தார். பொருள் கிடைத்தது, இருக்கவேண்டிய இடத்தில் இருக்கிறது, மேல்நடவடிக்கை தேவையில்லை என்று இருந்தது. சம்பந்தி வாசற்படியில் செருப்புக் காலோடு நின்று, குண்டூசி எதுவும் இல்லை என்பதை இரண்டு தடவை உறுதி செய்துகொண்டு உள்ளே வந்தார். மெஷினைச் சுற்றிப் பார்த்தார். மனைவியைப் பார்த்தார். ஏதோ அறிவிக்க வாயெடுத்தவர், இது என்ன, எப்படி ஓடுகிறது என்று சாதாரணக் குரலில் கேட்டார். சம்பந்தியம்மா முதலிலிருந்து சொல்ல ஆரம்பித்தார்.

டாக்டர் முகமூடி கட்டிக்கொண்டார். கையுறை மாட்டினார். ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, முதலையின் தலையை இடது கையால் அணைத்துப் பிடித்தார். டிரில் மெல்லிசாகக் கூவியது. முதல் இரண்டு பல்லுக்கு நடுவிலிருந்து மரத்தூள் நூல்போல வந்தது. பல் உடையவில்லை. அடுத்ததற்குப் போனார். அதற்கடுத்ததற்குப் போனார். உள்ளே கடைவாய்ப் பக்கம் கை எட்டாமல் போகவே தலையை இன்னும் சாய்த்துக்கொண்டு, முதலையின் காதருகில் தாழ்ந்த குரலில் சொன்னார்.

"இன்னும் கொஞ்சம் வாயைத் திறங்க. வலிக்காது."

சம்பந்தியம்மா பேச்சை நிறுத்தினார். பக்கத்துத் தையல் மெஷினிலிருந்து விளக்கைக் கழற்றி வந்து, முதலையின் வாய்க்கு நேராகப் பிடித்துக்கொண்டு நின்றார்.